துண்டுகளுக்கு ஏன் நிறம்?

தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டி அருகே உள்ளது வைகை அணை. முல்லைப் பெரியாறு அணையிலிருந்து வரும் நீர் கம்பம் பள்ளத்தாக்கின் வழியே ஓடி, வயல்களுக்குப் போக மீதி இங்கு வந்து சேருகிறது. இதில் 71 அடிவரை நீரைத் தேக்கலாம். நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை விடப்படும், 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது.

இதை ஸ்கிராட்ச் மொழியில் ஒரு நிரலாக அமைத்துப் பாருங்களேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் 2007-இல் வெளியிட்ட மொழி இது. கட்டளைகளை எழுத வேண்டியதில்லை. வண்ணத் துண்டுகளைப் பொருத்தினால் போதும். 2019-இல் வந்த மூன்றாம் பதிப்பில், நிரலைத் தொடங்கிவைக்கும் துண்டு மஞ்சள். நிபந்தனை கேட்பது மஞ்சள் கலந்த ஆரஞ்சு. ஒப்பிடுவது பச்சை. ‘முதல் எச்சரிக்கை’ என்று திரையில் சொல்லவைப்பது ஊதா. முடிவு எங்கே, அறிவிப்பு எங்கே என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

நிறத்தை மட்டும் நம்பலாமா? நீர்மட்டத்தைத் தாங்கும் மாறியும் ஆரஞ்சுதான்! சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களும் நம்மிடையே உண்டு. நல்லவேளை, வடிவமும் மாறுகிறது: மதிப்பைத் தரும் துண்டுக்கு வளைந்த முனை, ஆம், இல்லை என விடை தருவதற்குக் கூர்முனை.

மாறிக்குப் பெயர் சூட்டுவது உங்கள் பொறுப்பு. ‘அ’ என்று வைத்தாலும் நிரல் ஓடும். ஆனால் அது அடியா, கன அடியா? ‘நீர்மட்டம் (அடி)’ என்றே வையுங்கள்.

இனி ஒரு சிக்கல். ஸ்கிராட்சில் ‘பெரியது’, ‘சிறியது’, ‘சமம்’ ஆகிய துண்டுகள் உண்டு. ‘பெரியது அல்லது சமம்’ என ஒரே துண்டு கிடையாது. ‘69-ஐவிடப் பெரியதா?’ என்று கேட்டால், சரியாக 69 அடியில் நிரல் வாய் திறக்காது. எனவே ‘69-ஐவிடச் சிறியது அல்லவா?’ என்று சுற்றிவளைத்துக் கேட்கிறோம். பிறகு பார்க்கும் நண்பர், ‘இதென்ன தலைகீழாக?’ என்று அதை மாற்றிவிடக்கூடும். வேறொருவர் 68.5-ஐ முழு எண்ணாக்கி 69 என்று வைத்தால், இரண்டாம் எச்சரிக்கையும் மூன்றாவதும் ஒரே நேரத்தில் வரும். இடையில் ஆடுமாடுகளை மேட்டுக்கு ஓட்டிச் செல்லக் கிடைத்த நேரம் போயிற்று.

இதை நிறம் தடுக்காது. துண்டின்மேல் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தினால் குறிப்புச் சீட்டு ஒட்டும் வசதி உண்டு. அதில் ‘ஒப்பிடும் துண்டு’ என்று எழுதாதீர்கள். பச்சை நிறமே அதைச் சொல்லிவிட்டது. ‘இரண்டாம் எச்சரிக்கை அளவு 68.5 அடி, சரியாக அந்த அளவிலும் அறிவிக்க வேண்டும், ஆகவே சிறியது அல்ல என்று கேட்கிறோம்’ என எழுதுங்கள்.

மூன்று நிபந்தனைகளில் முதலில் கேட்க வேண்டியது 69-ஐத்தான். 66-ஐ முதலில் கேட்டு, மற்றவற்றை ‘இல்லையேல்’ பகுதியில் வைத்தால், நீர் 70 அடிக்கு ஏறினாலும் முதல் எச்சரிக்கையே வரும். இந்த வரிசைக்கும் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.