டீசல் ஏறினால் டிபன் பை கனக்கும்

பொழுது விடியுமுன்பே மாரிக்குப்பத்தில் ரயில் நிரம்பத் தொடங்கிவிடும். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று தங்கவயலின் ஒவ்வொரு நிலையத்திலும் டிபன் பையோடு ஆட்கள் ஏறுவார்கள். பங்காரப்பேட்டை தாண்டும்போது காலூன்ற இடம் இராது. கண்டோன்மென்ட்டில் இறங்கும் கூட்டத்தில் ஒரு பகுதி பிரேசர் டவுன் பக்கம் திரும்பும். (புலிகேசி நகர் என்று பெயர் மாற்றிப் பல ஆண்டுகள் ஆகியும் ஜனங்களின் வாயில் பிரேசர் டவுன்தான்.) கடை, ஆஸ்பத்திரி, ஆபீஸ், வீட்டு வேலை என்று பிழைப்பு பலவிதம்.

2001 பிப்ரவரி 28-ந் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. தகப்பனார் சுரங்கத்தில் இறங்கினார். மகன் தினமும் பெங்களூருக்கு ரயில் ஏறுகிறான்.

இவர்களில் பலருக்குச் சொந்த வண்டி கிடையாது. பெட்ரோல் பங்க் விலைப் பலகையைப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் அந்த விலை இவர்களைத் தேடி வந்துவிடுகிறது.

2024 ஜூனில் கர்நாடக அரசு விற்பனை வரியைக் கூட்டியது. பெட்ரோலுக்கு 25.92 சதவீதமாக இருந்தது 29.84 ஆயிற்று; டீசலுக்கு 14.34 என்பது 18.44 ஆயிற்று. பெங்களூரில் பெட்ரோல் மறுபடியும் 100 ரூபாயைத் தாண்டியது. 2025 ஏப்ரலில் டீசல் வரி மேலும் ஏறி, லிட்டர் 91 ரூபாயைத் தொட்டது. இதற்கிடையே 2025 ஜனவரி 5 முதல் அரசு பஸ் கட்டணம் 15 சதவீதம் உயர்ந்தது. ஆகஸ்டில் ஆட்டோவுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 30-லிருந்து 36 ரூபாயாயிற்று. கண்டோன்மென்ட்டிலிருந்து நடந்தே போகிறவர்கள் உடற்பயிற்சிக்காக நடக்கவில்லை! கோலார் தக்காளியும் டீசல் வண்டியில்தான் ரசல் மார்க்கெட்டுக்கு வருகிறது.

சீசன் டிக்கெட் ஒன்றுதான் ஆறுதல். 2025 ஜூலையில் ரயில் கட்டணம் உயர்ந்தபோதும் சீசன் டிக்கெட்டில் கை வைக்கவில்லை. ஆனால் ரயிலைத் தவறவிட்டால் பஸ்தான். ரயில் பாதையே இல்லாத முல்பாகல் பக்கத்துக் கிராமத்தாருக்கோ என்றைக்கும் பஸ்தான்.

பெண்களுக்கு 2023 ஜூன் 11 முதல் அரசு பஸ்ஸில் இலவசப் பயணம் வந்தது. தங்கவயல் பெண்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் கர்நாடக விலாசம் உள்ள அடையாள அட்டை வேண்டும். தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து பிரேசர் டவுனில் வீட்டு வேலை செய்யும் பெண்ணின் ஆதாரில் ஊர் விலாசம் இருந்தால், கண்டக்டர் டிக்கெட் கிழித்துவிடுவார். கூட்டிய கட்டணம் அவர் தலையில்தான்.

விலாசத்தை மாற்றிக்கொள்ளலாமே என்பது சுலபம். ஊர் ரேஷன் கார்டை நம்பித்தான் அங்கே மாமியாருக்கு அரிசி கிடைக்கிறது. 2023 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகையும் ஊர் ரேஷன் கார்டை ஒட்டியதே. பஸ் காசு மிச்சமா, அரிசியும் ஆயிரமும் மிச்சமா? மாதக் கடைசியில் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, பலர் பழைய விலாசத்தையே வைத்துக்கொண்டு, சில்லறையை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறுகிறார்கள்.