ஒன்பதரை மணி மீட்டிங்

கலிபோர்னியாவில் காலை ஒன்பது மணி என்றால் காவாந்தண்டலத்தில் இரவு ஒன்பதரை. நவம்பரில் அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பினால் இங்கே பத்தரை ஆகிவிடும். உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் இந்தக் கிராமத்தில் யாரும் எந்தக் கடிகாரத்தையும் தொடவில்லை. ஆனாலும் கலிபோர்னியா கம்பெனிக்கு வேலை பார்க்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் மார்ச் வரை சாப்பாடும் தூக்கமும் தள்ளிப்போகும். 2020-க்குப் பிறகு லேப்டாப்போடு ஊர் திரும்பிய பலருக்கு இது பழகிவிட்டது. அம்மா சமையல், வாடகை மிச்சம், ஏரிக்காற்று என்று பார்ப்பவர்களுக்குப் பொறாமை. சென்னையில் இருந்தவரை, கம்பெனி பஸ் கிளம்பும் நேரமாவது வேலையை நிறுத்தியது. ஊரில் அதுவும் இல்லை.

உழைப்பையும் ஓய்வையும் விளையாட்டையும் சமன்செய்யச் சொல்லி அறிவுரை தருபவர்கள் பெரும்பாலும் தனிமனித ஒழுக்கத்தையே சொல்கிறார்கள்: விடியற்காலையில் எழு, போனை வேறு அறையில் வை. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. எட்டு மணி நேர வேலை, யாரும் தனியாக ஒழுக்கமாக இருந்து வாங்கியதல்ல. 1923 மே 1 அன்று தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சென்னையில் மே தினக் கூட்டம் நடத்தினார். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன, மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். ஐ.டி.காரர்களில் எத்தனை பேர் அதைத் தங்கள் செய்தியாகப் படித்தார்களோ! நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று சொல்லும் 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம், நிர்வாகப் பொறுப்பில் இல்லாத அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று ஐ.டி. தொழிலதிபர் நாராயண மூர்த்தி சொன்னதும் அதே 2023-இல்தான். வாரம் 55 மணி அல்லது அதற்கு மேல் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-லேயே கணக்குக் காட்டியிருந்தன.

விளையாட்டு விஷயத்தில் மென்பொருள் தொழில் கொஞ்சம் விசித்திரமானது. 1989 கிறிஸ்துமஸ் சமயம், ஆபீஸ் பூட்டிக் கிடந்ததால் வீட்டுக் கம்ப்யூட்டரில் பொழுதைப் போக்க கிடோ வான் ராசம் தொடங்கியதுதான் பைதான் நிரல்மொழி. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் மாணவராக இருந்தபோது, இது வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லித்தான் லினக்ஸை அறிமுகப்படுத்தினார். இன்று உலகம் முழுக்கச் சம்பளத்துக்கு உழைப்பவர்கள் இந்த இரண்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? காஞ்சிபுரத்திலேயே லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருக்கிறது. மேனேஜர் கேட்காத விஷயங்களைப் பேச ஞாயிற்றுக்கிழமை இணையத்தில் கூடுகிறார்கள்.

ஆனால் விளையாட்டுக்கும் மார்க் போட ஆரம்பித்தால் கதை முடிந்தது. கோடைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒருவர் எத்தனை நாள் விடாமல் கோடு எழுதினார் என்று ஒரு கணக்கு காட்டிக்கொண்டிருந்தார்கள். அது அறுந்துவிடக் கூடாதே என்று லீவு நாளிலும் ஒரு வரியைத் திருத்திப் போட்டவர்கள் உண்டு. 2016-இல் அந்தக் கணக்கை எடுத்துவிட்டார்கள். எழுதிய நாட்களைக் காட்டும் பச்சைக் கட்டங்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன, ரெஸ்யூமேவுக்கு. அதற்குப் பதில் சாயங்காலம் தெருப் பையன்களோடு கிரிக்கெட் ஆடி டக் அவுட் ஆகிவிட்டு வரலாம். அதை எந்த ஹெச்.ஆரும் கேட்கப்போவதில்லை.

சாயங்காலக் கிரிக்கெட்டெல்லாம் மகனுக்குத்தான். மகளோ மருமகளோ என்றால், மீட்டிங்குக்கும் மீட்டிங்குக்கும் நடுவே கிடைக்கிற இருபது நிமிஷத்தில் குக்கர் வைக்க வேண்டும். 2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவிட்டார்கள், ஆண்கள் 97. லேப்டாப்பை மூடிய பிறகு வருவது ஓய்வு என்று எழுதுகிறவர் யார் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலையை முறை வைத்துப் பகிர்வதற்கு இங்கேயே ஒரு பழைய பாடம் உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பெயர் எழுதிய ஓலையைக் குடத்திலிருந்து எடுத்து ஆளைத் தேர்ந்தெடுப்பதைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. தேர்தலுக்காகவே ஊரெல்லாம் அதைப் பேசுகிறது. ஏரி வாரியத்தில் இருப்பவருக்கு 360 நாள்தான் பொறுப்பு, அதற்குப் பின் மூன்று ஆண்டு அவர் பெயர் குடத்துக்குள் போகாது என்கிற விதியும் அதில் உண்டு. ஓய்வு கொடுப்பதற்காக அல்ல. ஒருவரே பிடித்துக்கொண்டு உட்காரக் கூடாது என்பதற்காக. இருந்தாலும், ஏரியைப் பார்த்துக்கொள்வது முறை வைத்துச் செய்யும் வேலை என்று சபை கூடி முடிவு செய்து கல்லில் வெட்டி வைத்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் யார் எழுந்திருப்பது என்பதற்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும். பட்டியல் உள்ள டீமில் தன் வாரம் இல்லாதவர் போனை அணைத்துவிட்டுத் தூங்கலாம். இல்லாத டீமில் எல்லோரும் அரைத் தூக்கம். கடைசியில் எழுந்து பார்ப்பது அதே இளகிய மனசுக்காரர்.

அடுத்த இன்டர்வியூவில் சம்பளம் பேசும்போது இதையும் கேட்டுவிடுங்கள்: ராத்திரி சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஆன்-கால் முறையில் எத்தனை பேர்? ஆறு பேர் என்றால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை. இரண்டு பேர் என்றால் வருஷத்தில் பாதி ராத்திரி உங்களுடையது அல்ல. அதற்கும் சேர்த்துச் சம்பளம் கேளுங்கள்.