கதை சொல்லும் குழந்தையும் சொற்கணக்கும்

புனே நகரின் ஏரவாடாவில் அமைந்துள்ள டெக்கான் கல்லூரியில் 1948-இல் சமஸ்கிருதப் பேரகராதித் திட்டம் தொடங்கப்பட்டது. சுமார் 1,500 நூல்களிலிருந்து திரட்டிய சொற்கள் ஏறத்தாழ ஒரு கோடிச் சீட்டுகளில் அங்கே பேணப்படுகின்றன. சொல்லோடு அது பயின்று வந்த இடமும் சீட்டில் குறிக்கப்படும்; இடமறியாச் சொல்லுக்குப் பொருள் காண இயலாதன்றோ? ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பேச்சை மதிப்பிடுவோருக்கும் இந்நெறி பொருந்தும்.

இத்துறை ஆய்வாளர்கள் பெரிதும் கையாள்வது, அமெரிக்க ஓவியர் மெர்சர் மேயர் 1969-இல் வெளியிட்ட, சொற்களே இல்லாத படக்கதையாகும். சிறுவன் வளர்த்த தவளை இரவில் தப்பிவிடுகிறது. அவனும் நாயும் தேடிச் செல்கின்றனர். படங்களைப் பார்த்துக் குழந்தை கூறும் கதையைப் பதிவு செய்து, மொத்தச் சொற்கள் எத்தனை, அவற்றுள் வேறுபட்டவை எத்தனை என்று விகிதம் காண்பர். ஆனால் கதை நீள நீளச் சொற்கள் திரும்ப வருமாதலால் விகிதம் தானே குறையும். நான்கே வாக்கியத்தில் முடித்த குழந்தை, விரித்துரைத்த குழந்தையைவிடச் சொல்வளம் மிக்கதாகத் தோன்றும். தலா வருமானக் கணக்கோடு பழகியவர்களுக்கு இத்தகைய மயக்கம் புதிதன்று.

காப்ஸ், லாஷ், தர்பர் ஆகிய மூவர் அமெரிக்காவில் நடத்தி 2000-இல் வெளியிட்ட ஆய்வு, வேறுபாட்டை வேறோரிடத்தில் கண்டது. கதைமாந்தரின் மனநிலைக்குக் காரணம் கூறுவதில் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் இயல்பான வளர்ச்சியுள்ள குழந்தைகளைவிடப் பின்தங்கினர். 'சிறுவன் வருந்தினான்' என்பது ஒன்று. 'தவளையைக் காணாததால் சிறுவன் வருந்தினான்' என்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் 'வருந்தினான்' என்னும் சொல் ஒருமுறையே எண்ணப்படும்.

ஆங்கிலத்தில் காரணம் காட்டத் தனிச்சொல் உண்டு, எண்ணுவது எளிது. தமிழிலோ அது 'ஆல்' என்ற உருபில் அடங்கிவிடுகிறது. 'இருந்தானாம்' என்பதில் கதைசொல்லியின் குரலே 'ஆம்' என்னும் ஈற்றில் ஒளிந்துள்ளது. மராத்தியில் அவ்விடத்தில் 'ம்ஹணே' எனத் தனிச்சொல் வரும். ஆகவே ஆங்கிலப் பட்டியலை மொழிபெயர்த்து நம் குழந்தைகளை அளப்பது பிழையான முடிவையே தரும்.

இது ஏட்டளவில் நிற்கும் விவாதமன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை அங்கீகரித்துள்ளது. 2009-இல் வெளியான இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலின் 40 இனங்களுள் பேச்சும் கருத்துப் பரிமாற்றமும் ஒரு பிரிவாகும். நிறையப் பேசுகிறது என்பதற்காகவே ஒரு குழந்தையின் இடர் கவனிக்கப்படாமல் போகலாம். வீட்டில் தமிழும் பள்ளியில் மராத்தியும் பேசும் புனேக் குழந்தையை ஒரே மொழியில் சோதித்தால், மொழிப் பழக்கக்குறைவே குறைபாடாகப் பதிவாகலாம். அத்தகைய குழந்தையிடம் இரு மொழியிலும் கதை கேட்டு, வாக்கியங்களை முழுமையாக எழுதிவைத்த பின்னரே எண்ணத் தொடங்குவது முறை.