ஸ்டீயரிங் பாகங்கள் மாற்றிய பின் சக்கரச் சீரமைப்பு

சக்கரச் சீரமைப்பு (வீல் அலைன்மெண்ட்) என்பது காரின் சக்கரங்களைத் தயாரிப்பாளர் குறித்த கோணங்களுக்குக் கொண்டுவரும் வேலை ஆகும். டை ராடு எண்ட், ராக் எண்ட், ஸ்டீயரிங் ராக் ஆகியவற்றில் எதை மாற்றினாலும் இது தேவைப்படும். அலைன்மெண்ட் இயந்திரம் எல்லாப் பட்டறைகளிலும் இருப்பதில்லை. எனவே பாகத்தை ஓரிடத்தில் மாற்றிவிட்டு, சீரமைப்புக்காக வேறோர் இடத்துக்குக் காரை ஓட்டிச் செல்ல வேண்டிய நிலை பலருக்கும் வருகிறது.

கோணம் மாறுவது எப்படி

ஸ்டீயரிங் ராக்கின் இரு முனைகளிலிருந்தும் டை ராடு எனும் தண்டு சென்று, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் கையோடு இணைகிறது. தண்டின் வெளிமுனையில் மரையில் ஏறி நிற்பதே டை ராடு எண்ட். அதைத் திருகும்போது தண்டின் நீளம் மாறும். நீளம் மாறினால் சக்கரம் நோக்கும் திசையும் மாறும். மேலிருந்து பார்க்கையில் முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் ஒன்றையொன்று நெருங்கியிருந்தால் டோ-இன் என்றும், விலகியிருந்தால் டோ-அவுட் என்றும் பெயர்.

ஒரு சுற்றுதானே என்று இதை எளிதாக நினைத்துவிட முடியாது. மரையின் இடைவெளி 1.5 மி.மீ., நக்கிள் கையின் நீளம் 130 மி.மீ. என்று கொள்வோம். ஒரே ஒரு சுற்று தவறினால் சக்கரம் ஏறத்தாழ 0.66 பாகை திரும்பிவிடும். கார் நேராக ஓடும்போது இந்தப் பிழையை இரு முன்சக்கரங்களும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொள்ளும். அப்போதும் ஒவ்வொரு டயரும் ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் கிட்டத்தட்ட 6 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. டயர் விரைவில் வீணாவது இதனால்தான். டோ-இன் மிகுந்தால் வெளிவிளிம்பும், டோ-அவுட் மிகுந்தால் உள்விளிம்பும் முதலில் தேயும். டயரின் மேல் கையைக் குறுக்கே ஓட்டினால் ஒரு பக்கம் வழவழப்பாகவும் எதிர்ப்பக்கம் ரம்பப்பல் போலவும் தட்டுப்படும்.

பழைய பாகத்தைக் கழற்றும்போது சுற்றுகளை எண்ணி, அதே எண்ணிக்கையில் புதியதை ஏற்றுவது வழக்கம். நல்ல வழக்கம்தான்; ஆனால் அது தோராயமே. புதிய பாகத்தில் பந்து மூட்டின் நடுவிலிருந்து மரை வரையுள்ள நீளம் பழையதைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. தேய்ந்த மூட்டின் ஆட்டமும் பழைய அளவில் கலந்திருந்திருக்கும். எண்ணிய சுற்றுகளை நம்பி நெடுஞ்சாலையில் ஏறுவது வீண் துணிச்சல்.

சீரமைப்புக்கு முன் ஓட்டுதல்

இங்கே இரண்டு செய்திகள் அடிக்கடி குழம்பிப்போகின்றன. கோணம் தவறியிருப்பது டயரையும் நேரோட்டத்தையும் கெடுக்கும். நட்டு தளர்ந்திருப்பதோ ஸ்டீயரிங்கையே சக்கரத்திலிருந்து பிரித்துவிடும். பந்து மூட்டின் நட்டு உரிய முறுக்கத்துக்கு இறுக்கப்பட்டு, பின் போடும் வகையானால் புதிய ஸ்பிலிட் பின் போடப்பட்டிருக்க வேண்டும். டை ராடின் லாக் நட்டும் இறுகியிருக்க வேண்டும். இவை சரியாக இல்லாத காரைப் பட்டறை வாசலைத் தாண்டி எடுக்கக்கூடாது.

இறுக்கம் சரியென்றால், புறப்படுவதற்கு முன் டேப்பால் ஒரு தோராய அளவு எடுக்கலாம். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, இரு முன்டயர்களின் நடுக்கோடுகளுக்கு இடையேயுள்ள தூரத்தை முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே உயரத்தில் அளக்க வேண்டும். வித்தியாசம் ஓரிரு மி.மீ.க்குள் இருந்தால் அருகிலுள்ள சீரமைப்பு நிலையத்துக்கு மெதுவாக ஓட்டிச் செல்லலாம். அதிகமாக இருந்தால் அங்கேயே திருத்திக்கொள்வது நல்லது. டோ-அவுட் மிகுந்த கார் வண்டித்தடத்திலும் ஈரச் சாலையிலும் இடமும் வலமும் அலையும்.

ஸ்டீயரிங் சக்கரம் கோணலாக நின்றால் அதைக் கழற்றி நேராக மாட்டுவது பரவலாகக் காணப்படும் குறுக்குவழி. இது தவறு. இரு டை ராடுகளும் சமமாக இல்லை என்ற அடையாளத்தை அது மறைக்கிறது. ஏர்பேக் இணைப்பையும் கோண உணரியையும் குழப்பக்கூடும். மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு உள்ள பல கார்களில் சீரமைப்பு முடிந்ததும் அந்த உணரியின் பூச்சிய நிலையை ஸ்கேனர் கொண்டு பதிவுசெய்ய வேண்டியிருக்கும்.

ஸ்டெபிலைசர் லிங்கை மட்டும் மாற்றினால் கோணம் மாறாது. ஸ்டிரட்டை நக்கிளிலிருந்து கழற்றியிருந்தால் கேம்பரும் மாறியிருக்கலாம். தேய்ந்த லோயர் ஆர்ம் புஷ் போன்றவை மிச்சமிருந்தால் அவற்றையும் மாற்றி, டயர்க் காற்றைச் சரிபார்த்த பிறகே சீரமைக்க வேண்டும். இல்லையென்றால் அதே வேலைக்கு இரண்டாம் முறையும் பணம் கொடுக்க நேரும்.