நுரையீரலில் சிறு முடிச்சா? பதற்றம் வேண்டாம், பழைய படம் வேண்டும்

விபத்துக்கோ விடாத காய்ச்சலுக்கோ எடுத்த சி.டி. ஸ்கேன் அறிக்கையில், 'வலது நுரையீரலில் 6 மி.மீ. நோட்யூல்' (முடிச்சு) என்று ஒரு வரி இருக்கும். திருவாலங்காட்டிலிருந்து ரயிலேறிப் போய் ஸ்கேன் எடுத்து வந்தவர், அந்த வரியைப் பார்த்ததும் புற்றுநோய் என்றே முடிவு கட்டிவிடுகிறார். ஆனால் இத்தகைய சிறு முடிச்சுகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல.

நம் பகுதியில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்திருந்த திருவள்ளூர் வட்டாரத்தில்தான் 1968-இல் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியின் மாபெரும் கள ஆய்வு தொடங்கியது. அவ்வளவு பரவலாக இருந்தது நோய். கிருமி வந்துபோன நுரையீரலில், ஆறிய தழும்பு முடிச்சாகத் தங்கிவிடும். அது முழுக்கச் சுண்ணாம்பு படிந்திருந்தால் பொதுவாகக் கவலையில்லை.

எப்போது மறு ஸ்கேன்?

தற்செயலாகத் தெரியவரும் ஒற்றைத் திட முடிச்சுக்கு, மார்புக் கதிரியக்க நிபுணர்களின் பிளைஷ்னர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்வது:

● 6 மி.மீ.க்குக் கீழ்: புகைப்பழக்கம் போன்ற ஆபத்துக் காரணி இல்லாதவருக்கு மறு ஸ்கேன் தேவையில்லை, இருப்பவருக்கு 12 மாதத்தில் எடுக்கலாம்.

● 6 முதல் 8 மி.மீ.: 6 முதல் 12 மாதத்துக்குள்.

● 8 மி.மீ.க்கு மேல்: 3 மாதத்தில் சி.டி., அல்லது பெட் ஸ்கேன் (திசுக்களின் செயல்பாட்டைக் காட்டுவது), அல்லது திசுப் பரிசோதனை.

35 வயதுக்கு உட்பட்டவர்கள், ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

திட முடிச்சு இரண்டு ஆண்டு வளராமலிருந்தால் பெரும்பாலும் தீங்கற்றது. மங்கலாகத் தெரியும் முடிச்சு மெதுவாக வளரும் என்பதால் ஐந்து ஆண்டு வரை கண்காணிப்பார்கள். 2 மி.மீ.க்குக் குறைந்த வித்தியாசம் அளவெடுப்பிலேயே வரக்கூடும்.

பெட் ஸ்கேனில் ஒளிர்ந்தால்?

காசநோயும் அதில் ஒளிரும். எனவே அதை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று சொல்லிவிட முடியாது. அதேபோல, சளி, திசுப் பரிசோதனை எதுவும் இல்லாமல் காசநோய் மாத்திரை தொடங்கிக் காத்திருப்பதும் ஆபத்து. புற்றுநோயாக இருந்தால் அந்த மாதங்கள் வீணாகும்.

ஆரம்பநிலைப் புற்றுநோய் என்று உறுதியானால், அந்தப் பகுதியை அறுவை சிகிச்சையில் அகற்றலாம். அறுவை தாங்காதவருக்குத் துல்லியக் கதிர்வீச்சு உண்டு. இந்த நிலையில் குணமாகும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே பழைய எக்ஸ்ரே, சி.டி. குறுந்தகடு எதையும் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த ஸ்கேனுக்கு அவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். முடிச்சு வளர்ந்ததா என்று மருத்துவர் ஒப்பிட்டுச் சொல்ல அவைதான் வேண்டும். புகைப்பதை இன்றே நிறுத்துங்கள். இருமல் இல்லையே என்று மறு ஸ்கேன் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.