ஆலை தரும் காப்பும் நாமே வாங்கும் காப்பும்

சென்ற மாதம் ஊராட்சிக் கூட்டம் ஒன்று முடிந்தபின் விவசாயி ஒருவர் என்னிடம் வந்து, "பையனுக்கு மில்லில் இ.எஸ்.ஐ. அட்டை கொடுத்திருக்கிறார்கள். வீட்டிற்காக நான் கட்டிவரும் மருத்துவ பாலிசியை இனி நிறுத்திவிடலாமா, ஐயா?" என்று வினவினார். பல இல்லங்களிலும் எழக்கூடிய வினா இது.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948இல் இயற்றப்பெற்றது. 1952 பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கிற்று. ஊதிய வரம்பு 2017இல் மாதம் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2019 ஜூலை முதல் சந்தா நூற்றுக்குத் தொழிலாளி 0.75, முதலாளி 3.25 என்பதாகும். மாதம் 15,000 ரூபாய் பெறுவோரிடம் பிடிக்கப்படுவது ஏறத்தாழ 113 ரூபாய்தான். முதலாளி செலுத்துவதோ ஏறத்தாழ 488 ரூபாய். முன்னரே நோய் இருந்ததா என்னும் கேள்விக்கு இங்கு இடமில்லை. உரிய நாட்களுக்குச் சந்தா செலுத்தியவர் நோயுற்று வேலைக்குச் செல்ல இயலாவிடில், ஆண்டில் 91 நாட்கள் வரை ஊதியத்தில் நூற்றுக்கு எழுபது வீதம் பெறுவர். நாம் சாதாரணமாக வாங்கும் மருத்துவ பாலிசி ஆஸ்பத்திரிச் செலவைத் தரும். இழந்த கூலியைத் தராது. நம் மக்கள் இந்த உரிமையை அறியாமலே விட்டுவிடுவது வருந்தத்தக்கது.

எனினும், இக்காப்பு வேலையோடு பிணைந்தது. வேலை நின்றால், செலுத்திய சந்தாவுக்குரிய பயன்காலம் முடிந்ததும் காப்பும் நின்றுவிடும். கம்பெனிகள் தம் ஊழியர்க்கு மொத்தமாக எடுக்கும் குழுக் காப்பீடும் வேலையோடு போவதே. வேலையை விடுமுன் அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற இயலுமா என்று எழுதிக் கேட்டல் நன்று.

தனிப் பாலிசியின் நிலை வேறு. பிரிமியம் முழுவதும் நம் பொறுப்பு. வயது ஏற ஏற அதுவும் ஏறும். 2025 செப்டம்பர் 22 முதல் இதன்மீது ஜி.எஸ்.டி. வரி நீக்கப்பட்டது சிறிது ஆறுதல். முன்னரே உள்ள நோய்களுக்கு 36 மாதம் வரை காத்திருக்க நேரிடலாம். சர்க்கரை நோயை மறைத்து விண்ணப்பம் எழுதுவோர் பின்னர் பணம் கிடையாது திண்டாடுவர். ஏஜெண்டு எழுதட்டும் என்று வெற்றுத்தாளில் கையொப்பமிடுதல் கூடவே கூடாது. ஆயினும் தவணை தவறாமல் கட்டிவந்தால், சென்ற ஆண்டு பணம் பெற்றார் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்க இயலாது. இடையில் விட்டுப் பின்னர் புதிதாகத் தொடங்கினால், கழித்த காத்திருப்புக் காலம் வீணாகும், வயதும் கூடியிருக்கும்.

ஆகவே அந்த விவசாயியிடம், "அட்டையில் யார் யார் பெயர் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள்" என்றேன். பெற்றோரைச் சேர்க்கலாம், ஆனால் அவர்கள் மகனைச் சார்ந்திருத்தல் வேண்டும், நிர்ணயித்த வருமான வரம்பையும் மீறலாகாது. மறுவாரம் அட்டையின் விவரத்தை எடுத்துவந்தார். மகன், மருமகள், பேரக்குழந்தை ஆகிய மூவர் பெயரே அதில் இருந்தன. கிணற்றுப் பாசனத்தில் வாழை பயிரிடும் அவருடைய வருமானமோ அவ்வரம்பைக் கடந்தது. மகன் பெயரை மட்டும் பாலிசியிலிருந்து எடுத்தால் என்ன குறையும் என்று கணக்குப் பார்த்துவிட்டு, தமக்கும் மனைவிக்குமான தவணையை அன்றே கட்டச் சென்றார்.