தாமஸ் ஏ. டோர்சி

தாமஸ் ஆண்ட்ரூ டோர்சி (ஜூலை 1, 1899 - ஜனவரி 23, 1993) ஓர் அமெரிக்கப் பாடகரும், பியானோ கலைஞரும், பாடலாசிரியரும் ஆவார். இவர் கறுப்பின மக்களின் நற்செய்தி இசையின் தந்தை எனப் போற்றப்படுகிறார்.

புளூஸ் இசை

ஜார்ஜியா மாநிலத்தின் வில்லா ரிக்கா என்னும் ஊரில் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1924 இல் பாடகி மா ரெய்னியின் இசைக்குழுவை வழிநடத்தினார். கடும் மனச்சோர்வுக்கு உள்ளானபின் கிறித்தவப் பாடல்களை இயற்றத் தொடங்கினார். எனினும் பிழைப்புக்காகப் புளூஸ் இசையைத் தொடர்ந்தார். "ஜார்ஜியா டாம்" என்ற பெயரில், டாம்பா ரெட் என்பவருடன் 1928 இல் பாடிய இரட்டைப்பொருள் பாடலின் இசைத்தட்டு பெருமளவில் விற்றது.

நற்செய்தி இசை

இவரது கிறித்தவப் பாடல்களில் புளூஸ் சாயல் இருந்ததால் தேவாலயங்கள் பலவும் முதலில் அவற்றை ஏற்கவில்லை. ஆகஸ்ட் 1932 இல் இவர் செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்றிருந்தபோது, சிகாகோவில் இவரது மனைவி பிரசவத்தில் இறந்தார். பிறந்த குழந்தையும் இறந்தது. அத்துயரில் "டேக் மை ஹாண்ட், பிரெஷஸ் லார்ட்" என்ற பாடலை இயற்றினார். இப்பாடலை 1968 இல் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச்சடங்கில் மகாலியா ஜாக்சன் பாடினார்.

பதிப்பகம்

1932 இல் நற்செய்திப் பாடல் தாள்களை அச்சிட்டு விற்கும் பதிப்பகம் ஒன்றை சிகாகோவில் நிறுவினார். பாடகி சாலி மார்ட்டின் அதன் கணக்கு வழக்குகளைச் சீர்படுத்தினார். தேவாலயங்களில் பாடல்களைப் பாடிக்காட்டி, அங்கேயே தாள்களை விற்றனர். இவ்வாறே இப்பாடல்கள் நாடெங்கும் பரவின.